பதினைந்து தௌ

மைசூரின் சொந்த வண்டிக்கு டேப்பட்டே கிடையாது. யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை செய்து அனுப்பிய ஜாவாவும் யெஸ்டியும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் வால்வு, கேம், ராக்கர் ஆர்ம் எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய துளைகளை பிஸ்டனே ஏறி இறங்கித் திறந்து மூடிவிடும். அதனால் அந்த ஊரில் ஒரு மிஸ்திரி டேப்பட்டில், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதில், கைராசிக்காரர் என்று பெயர் வாங்கினால், அது பெரும்பாலும் காரில் வாங்கிய பெயராகத்தான் இருக்கும்.

அரண்மனைக்கு வடக்கே இருக்கும் மண்டி மொஹல்லாவை மைசூர்த் தமிழர்கள் பெரும்பாலும் 1906-இல் தொடங்கிய ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் ஆஸ்பத்திரியை வைத்து அடையாளம் சொல்வார்கள். வண்டிக்காரர்களுக்கு அங்கே வேறு வேலை. தக்னி உருது, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும் ஒர்க்‌ஷாப்புகளில் அம்பாசடரும் ஃபியட்டும் பானெட்டைத் திறந்துகொண்டு நின்ற காலம் ஒன்று உண்டு. “பாய், டேப்பட் ரொம்ப சத்தம் போடுது” என்றால், “போடட்டும் சார், சத்தம் போடாத டேப்பட்டுக்குத்தான் பயப்படணும்” என்று பதில் வரும். அது சமாளிப்பு இல்லை, பாடம். ராக்கர் ஆர்முக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடிப்போனால் கடகடவென்று சத்தம் வரும், இழுவை கொஞ்சம் குறையும். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு சத்தமே இல்லாமல் எரிந்துபோகும்.

1959-இல் அம்பாசடருக்கு வந்த 1489 சிசி இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி செய்த பி-சீரிஸ். கேம் கீழே பிளாக்கில் இருக்கும். புஷ் ராடு மேலே தள்ளும். ஹெட்டின் மேல் சீசா பலகைபோல ஆடும் ராக்கர் ஆர்ம் வால்வை அமுக்கும். அதற்கான இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, கிட்டத்தட்ட 0.38 மி.மீ. எட்டு வால்வு. எதை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைப் பார், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. கூட்டினால் ஒன்பது வரவேண்டும், அவ்வளவுதான்.

ராக்கர் ஆர்ம் எது வாங்குவது என்ற கேள்வியே அன்று எழவில்லை. கிடைப்பது ஒன்றே. தேய்ந்தால் கழற்றி லேத்துக்காரரிடம் கொடுத்து முகத்தைச் சாணை பிடித்துப் போடுவார்கள். ஏன் சாணை என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வால்வு நுனி இடித்து இடித்து ராக்கரின் முகத்தில் சின்னக் குழி விழும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தட்டையான தகடு அந்தக் குழியின் இரு கரைகளிலும் பாலம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். தகடு 15 என்று சொல்லும். குழிக்குள் உண்மையான இடைவெளி இருபதோ அதற்கு மேலோ இருக்கும். மூன்று முறை சரிசெய்தும் சத்தம் அடங்காத வண்டிகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். ஆனால் முகத்தின் கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அதைத் தாண்டிச் சாணை பிடித்துவிட்டால் சீக்கிரமே மறுபடி குழி. அந்த எல்லையைக் கையால் தெரிந்து நிறுத்தியவர்கள்தான் கைராசிக்காரர்கள்.

இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கேற்றுவது அன்றும் நடந்தது. ஹெட்டை இழைத்து கம்ப்ரெஷனைக் கூட்டுவது, போர்ட்டைத் தேய்த்து வழவழப்பாக்குவது, இரட்டை கார்புரேட்டர் பொருத்துவது. சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாள்களில் இதெல்லாம் தென்னிந்திய ஒர்க்‌ஷாப்புகளின் பொதுச்சொத்து. பிறகு கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரைக் கட்டினார். அந்த இன்ஜினில் புஷ் ராடு கிடையாது; கேம் ஹெட்டுக்கே ஏறிவிட்டது. ஆனாலும் ராக்கர் ஆர்ம், ஸ்க்ரூ, லாக் நட் மூன்றும் இருந்தன. 15 தௌ பழகிய கை 0.15 மி.மீ. வாக்கில் தகடு போடக் கற்றுக்கொண்டது. எண் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இடைவெளி பாதிக்கும் கீழே.

2000-இல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. ஈயம் எரிந்து வால்வு சீட்டின் மேல் படிந்து அதற்குக் கவசமாக இருந்தது என்பது பல பழைய வண்டிக்காரர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சீட் தேய வால்வு ஹெட்டுக்குள் அமிழும்; அமிழ அமிழ டேப்பட் இடைவெளி குறையும், சத்தமும் அடங்கும். அந்த அமைதியை நம்பியவர்கள் ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் போடவேண்டி வந்தது. சிஎன்ஜி மாட்டிய வண்டிகளில் இன்றும் இதே கதை நடக்கிறது.

ராக்கர் வாங்குவதில் இப்போது நிலைமை தலைகீழ். 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. இன்னும் ஓடும் வண்டிகளில் பல ஆசைக்காக வைத்திருப்பவை. ஆனால் கடை திறந்து கிடக்கிறது. எம்ஜிபி காரின் இன்ஜினும் பி-சீரிஸ் குடும்பம் என்பதால், இங்கிலாந்தில் அதற்கென விற்கும் ரோலர் ராக்கர்களைப் போனில் பார்த்துக்கொண்டே ஆர்டர் போடுகிறார்கள். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது விகிதம், அதாவது கேம் தூக்குவதை ராக்கர் எத்தனை மடங்காக்குகிறது என்பது. சாதாரண ராக்கர் சுமார் 1.42, விற்பனைக்கு வருவது 1.55. கேம் 6 மி.மீ. தூக்கினால் முன்னதில் வால்வு ஏறத்தாழ 8.5 மி.மீ. திறக்கும், பின்னதில் 9.3. கேமை மாற்றாமலே கூடுதல் காற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த 0.8 மி.மீ. எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஸ்பிரிங் அவ்வளவு கூடுதலாக அமுங்கவேண்டும். சுருள் சுருளோடு முட்டாமல் ஒரு மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும். வால்வு பிஸ்டனை நெருங்குகிறது; ஹெட்டை ஏற்கனவே இழைத்திருந்தால் இன்னும் நெருக்கம். பிஸ்டன் மேல் விளையாட்டுக் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டி, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தால் இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. தடிமன் இருக்கவேண்டும். கேம் மீது பளுவும் கூடும். பழைய 15 தௌவும் அப்படியே செல்லாது: கேமில் அதே இடைவெளி வேண்டுமென்றால் வால்வில் பதினாறரை வாக்கில் வைக்கவேண்டும். கேமையே மாற்றியிருந்தால் அதைச் செய்தவர் சொல்லும் எண்தான் சட்டம்.

கோணம் இன்னொரு தலைவலி. ஹெட்டை இழைத்ததும் புஷ் ராடு அந்த அளவுக்கு நீளமாகிவிட்டதாகக் கணக்கு; குட்டைப் புஷ் ராடு தேவைப்படலாம். வால்வுப் பக்கம் வேறு கணக்கு. வால்வு பாதி திறந்த நிலையில் ராக்கர் வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். நிற்காவிட்டால் ராக்கரின் நுனி தண்டைப் பக்கவாட்டில் தள்ளி, தண்டு ஓடும் கைடைத் தின்னும். வால்வு நுனியில் மார்க்கர் மை பூசி இரண்டு சுற்றுச் சுற்றினால் தேய்ந்த தடம் நடுவில் மெல்லியதாக விழவேண்டும். ஓரத்தில் விழுந்தால் ராக்கர் தாங்கியின் அடியில் ஷிம் வைத்து உயரத்தைச் சரிசெய்யவேண்டுமா என்று யோசிக்கவேண்டும். பெட்டியில் வரும் ராக்கரோடு இந்த யோசனை வருவதில்லை.

புதுக் கார்களுக்கு இந்தக் கைத்திறன் தேவையில்லை. மாருதியின் பல கே-சீரிஸ் இன்ஜின்களில் கேம் நேராக வால்வின் தலைமேல் உட்கார்ந்த பக்கெட்டை அமுக்குகிறது. பழைய ஸ்விஃப்ட் டீசலில் எண்ணெய் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொண்டது. 2020-க்கு முந்தைய ஹோண்டா சிட்டி பெட்ரோல்களில் இன்னும் ஸ்க்ரூவும் நட்டும் உண்டு என்பதால் ஃபீலர் கேஜ் முழுக்கத் துருப்பிடிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 2018-இல் வேறொரு நிறுவனத்தின் கையில், மத்தியப் பிரதேசத்துப் பீதாம்பூரில் மறுபிறவி எடுத்த ஜாவாவுக்கு இரண்டு கேமும் நான்கு வால்வும் வந்துவிட்டன.

என் தீர்ப்பு பழமைவாதமாகத் தோன்றலாம். ஹெட் இழைப்பு, நல்ல கார்புரேட்டர், கொஞ்சம் சூடான கேம் என்ற அளவில் நிற்கும் தெரு வண்டிக்கு 1.55 வேண்டாம். பழைய விகிதத்திலேயே, முகம் சரியாகச் சாணை பிடித்த எட்டு ராக்கர், ஒரு புது ஷாஃப்ட், சரியான கோணம்: இவை தரும் பலனில் பாதிகூட ரோலர் ராக்கர் தராது. காசு மிச்சமானால் ஸ்பிரிங்குக்குப் போடுங்கள்.

மண்டி மொஹல்லாவிலோ வேறெங்கோ வேலைக்கு விடும்போது நான்கு விஷயம் கேளுங்கள். இடைவெளி சூடான இன்ஜினுக்கா, குளிர்ந்த இன்ஜினுக்கா? ராக்கர் முகத்தில் குழி இருக்கிறதா? மை பூசிப் பார்த்தீர்களா? வைத்த எண்ணை வால்வு கவரின் உட்புறம் எழுதித் தருவீர்களா? ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி கொண்டுபோய்ப் பாருங்கள். அந்த இரண்டாவது வேலைக்கும் கூலி கொடுங்கள்.