பெயர் சொல்லத் தெரியாத விருந்தாளிகள்

ஹாஸ்டல் அறைகளுக்குள் ஸ்பீக்கரும் டிவியும் பல்பும் ‘புத்திசாலி’களாகி நுழைகின்றன. பல்கலைக்கழக வைஃபை அவற்றை வாசலிலேயே மடக்குகிறது. அந்தப் பொருள்களுக்கு யார் ஜாமீன்?

ஹாஸ்டலில் சேரப் போகும் பிள்ளையின் டிரங்குப் பெட்டியில் ஒரு காலத்தில் ஊறுகாய் பாட்டில், பூட்டு, பிளாஸ்டிக் பக்கெட், கொசுவலை ஆகியவைதான் இருக்கும். இப்போது அதே பெட்டியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர், டிவியில் செருகும் ஸ்டிக், நாடித் துடிப்பை எண்ணும் கைக்கடிகாரம், கம்பியில்லாத பிரிண்டர் என்று ஒரு சின்ன எலக்ட்ரானிக் கடையே அடைந்து கிடக்கிறது. வீட்டில் இவற்றை இயக்க ஐந்து நிமிடம் போதும். வைஃபையின் பெயரைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டைத் தட்டினால் முடிந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் கதை வேறு. போனும் லேப்டாப்பும் தடையின்றி உள்ளே போகின்றன. ஸ்பீக்கர் மட்டும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வெளியே நிற்கிறது.

கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. வைஃபையிலும் இல்லை. இரண்டும் இரு வேறு உலகங்களுக்காகத் தயாரானவை. வீட்டு வைஃபைக்கு ஒரே சாவி. அப்பா, அம்மா, பிள்ளைகள், வந்து போகும் மாமா எல்லோருக்கும் அதுவே. பல ஆயிரம் பேர் புழங்கும் வளாகத்தில் அப்படி ஒரே சாவியைக் கொடுத்தால், அது மறுநாளே எதிர்த்த டீக்கடை வரை போய்விடும். ஆகவே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக யூசர் நேமும் பாஸ்வேர்டும் தருகின்றன. 802.1எக்ஸ் என்ற தரமுறைப்படி, சுவரில் இருக்கும் வைஃபை பெட்டி அந்த விவரத்தை வளாகத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் தலையசைத்த பிறகே கதவு திறக்கிறது.

இந்த ஏற்பாட்டின் உலகளாவிய வடிவம் ‘எஜுரோம்’. 2002இல் நெதர்லாந்தில் முன்வைக்கப்பட்ட யோசனை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இந்தியாவில் அதை நடத்துவது மத்திய அரசு நிறுவனமான எர்நெட். ஒரு கல்வி நிலையத்தின் மாணவர் இன்னொரு வளாகத்துக்குப் போனாலும், தன் சொந்தக் கல்லூரியின் பாஸ்வேர்டைக் கொண்டே வைஃபையில் சேரலாம். அவர் யார் என்பதற்கு அவருடைய கல்லூரி சாட்சி சொல்கிறது.

ஸ்பீக்கருக்கு அந்த சாட்சி இல்லை. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் ஸ்மார்ட் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு யூசர் நேம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஒற்றைப் பாஸ்வேர்டு மட்டுமே தெரியும். சில கல்லூரிகளில் வைஃபையில் சேர்ந்ததும் ஒரு வலைப்பக்கம் திறந்து பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். திரையும் கீபோர்டும் இல்லாத பல்பு அந்தப் பக்கத்தை எங்கே திறக்கும்?

வளாகத்துக்கும் பேசும் பொருள்களுக்கும் உறவு புதிதல்ல. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளுக்கிடையே கம்ப்யூட்டர் தகவல்களை வானொலி அலையில் அனுப்பிக் காட்டியது. ‘அலோஹாநெட்’ என்ற அந்த முயற்சியே இன்றைய வைஃபையின் முன்னோடிகளில் ஒன்று. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறையினர் ஒரு கோகோ கோலா இயந்திரத்தை நெட்வொர்க்கில் சேர்த்தார்கள். எத்தனை பாட்டில் இருக்கிறது, அது குளிர்ந்துவிட்டதா என்பதை இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொண்டார்கள். இந்த விளையாட்டுகளில் ஆபத்து அதிகம் இல்லை. இயந்திரம் ஒன்றே ஒன்று. அதைக் கட்டியவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆயிரக்கணக்கில் பொருள்கள் சேர்ந்து, அவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை என்றால் என்ன ஆகும்? வெரைசன் நிறுவனம் 2017இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, பெயர் குறிப்பிடாத ஒரு பல்கலைக்கழகத்தின் அனுபவத்தைச் சொல்கிறது. நெட்வொர்க் மந்தமாகிவிட்டது என்று மாணவர்கள் புகார் செய்தார்கள். ஆராய்ந்தபோது, கடல் உணவு சம்பந்தமான இணைய முகவரிகளை யாரோ ஓயாமல் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. தேடியவை வளாகத்தின் விளக்குகளும் பானம் விற்கும் இயந்திரங்களும்! 5,000க்கும் அதிகமான கருவிகள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. தொழிற்சாலையில் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததாலும், எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு இருந்ததாலும் அந்நிய நிரல் ஒன்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டது.

2016இல் உலகையே திணறடித்த ‘மிராய்’ நிரலும் இதே ஓட்டை வழியே நுழைந்ததுதான். கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் வழக்கமாக இருக்கும் சுமார் 60 யூசர் நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளின் பட்டியலே அதன் ஆயுதம். அதன் நிரல் பகிரங்கமாக வெளியான சில வாரங்களில், 2016 அக்டோபர் 21 அன்று, டின் என்ற நிறுவனம் தாக்கப்பட்டது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் எட்டாமல் போயின. மிராயை உருவாக்கியவர்களில் ஒருவரான பராஸ் ஜா, நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர். தன் சொந்தப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கைப் பலமுறை முடக்கியதையும் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு அவருக்கு 6 மாத வீட்டுச் சிறையும், 86 லட்சம் டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டன.

வளாக நிர்வாகங்கள் கண்டிப்பாக இருப்பதற்கு இந்தியாவில் சட்டரீதியான காரணமும் உண்டு. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் சி.இ.ஆர்.டி.-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது. ஊடுருவல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எந்தக் கருவியிலிருந்து வினை வந்தது என்று விசாரணை வந்தால், “ஏதோ ஒரு பல்பு” என்று பதில் சொல்ல முடியாது.

ஆனால் வாசலை அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. வழி கிடைக்காத மாணவர் தானே வழி செய்துகொள்கிறார்: அறைக்குள் சொந்த ரவுட்டர், அல்லது போனிலிருந்து ஹாட்ஸ்பாட். மலிவான ஸ்மார்ட் பொருள்கள் பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை. 2005 முதல் இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட இந்த அலைவரிசையில், ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. ஒரே மாடியில் முப்பது அறைகள் தனித்தனியே ஒலிபரப்பினால், கல்யாண மண்டபத்தில் முப்பது மைக் வைத்த கதைதான். நஷ்டம் எல்லோருக்கும். தடை செய்த பிறகு நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரியாத பொருள்கள் பெருகுகின்றன, குறைவதில்லை.

நடைமுறையில் பலன் தரும் தீர்வு எளிமையானது. பொருளுக்குப் பெயர் இல்லை. ஆனால் எண் உண்டு. பல கருவிகளின் அடியிலோ அட்டைப் பெட்டியிலோ 12 எழுத்தும் எண்ணும் கலந்த ‘மேக்’ முகவரி அச்சிடப்பட்டிருக்கும். வசதி செய்து தந்திருக்கும் பல்கலைக்கழகங்களில், மாணவர் தன் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைப் பதிவு செய்கிறார். அந்தப் பொருளுக்கென்று தனிப் பாஸ்வேர்டு கிடைக்கிறது, அல்லது ஸ்மார்ட் பொருள்களுக்கென்று ஒதுக்கிய தனி வைஃபையில் இடம் கிடைக்கிறது. மேக் எண்ணைப் போலியாகச் செய்ய முடியும் என்பதால், விவரம் தெரிந்த நிர்வாகங்கள் இந்தத் தனி வைஃபையிலிருந்து அலுவலகக் கோப்புகளுக்கோ தேர்வுத் துறைக் கம்ப்யூட்டருக்கோ வழி வைப்பதில்லை.

பதிவு செய்த பிறகும் சில தடுமாற்றங்கள் வரும். வீட்டில் போன் ஒரு குரல் கொடுத்ததும் டிவி ‘இதோ’ என்று பதில் சொல்லும். வளாகத்தில் அந்தக் குரல் பக்கத்துக் கருவிக்குக்கூடக் கேட்காமல் அடக்கப்பட்டிருக்கும். இல்லையென்றால் அடுத்த அறைக் குறும்புக்காரர் இவருடைய டிவியில் நள்ளிரவில் பாட்டுப் போடலாம்! புதிய போன்கள் வேறு, அந்தரங்கத்தைக் காக்க ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் எண்ணைக் காட்டுகின்றன. பதிவில் ஓர் எண், காட்டுவது வேறு எண் என்றால் கதவு திறக்காது. அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் போனின் அமைப்பை மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம்: போனில் ‘இந்தச் சான்றிதழை நம்பலாமா?’ என்று கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ என்று தட்டக் கூடாது. அதே பெயரில் போலி வைஃபை வைத்துப் பாஸ்வேர்டைக் கறப்பவர்கள் உண்டு. பல வளாகங்களில் மாணவரின் மின்னஞ்சலுக்கும் மதிப்பெண் பக்கத்துக்கும் அதே பாஸ்வேர்டுதான்.

பல்கலைக்கழகமே பொறுப்பை ஏற்ற முன்மாதிரியும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 2018இல் மாணவர் விடுதி அறைகளில் 2,300க்கும் மேற்பட்ட அமேசான் எக்கோ டாட் ஸ்பீக்கர்களை வைத்தது. எந்த மாணவரின் சொந்தக் கணக்கோடும் அவை இணைக்கப்படவில்லை என்று அறிவித்தது. அப்படியும், தூங்கும் அறையில் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பொருளா என்ற கேள்வி எழாமலில்லை.

அந்தக் கேள்வி நியாயமானது. பதிவு செய்த கருவி எப்போது விழித்தது, எந்தக் கட்டடத்து வைஃபையில் சேர்ந்தது என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறுகிறது. யார் எத்தனை மணிக்கு அறை திரும்பினார் என்பதையும் அதிலிருந்து ஊகிக்கலாம். வகுப்புக்கு வந்தாரா என்பதை வைஃபை, புளூடூத் தடங்களிலிருந்து கணக்கெடுக்கும் முறை, 2019இல் அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும் சர்ச்சையானது. பாதுகாப்புக்காக எடுத்த பதிவேடு வார்டனின் ஒற்றனாகிவிடக் கூடாது. எதை, எத்தனை நாள், யார் பார்க்க வைத்திருக்கிறோம் என்பதை நிர்வாகம் எழுத்தில் சொல்ல வேண்டும். கேட்ட காரணத்துக்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சாரமும்.

ஆக, ஜாமீன் இரண்டு பேருடையது. பொருளைக் கொண்டுவரும் மாணவர் அதன் பாஸ்வேர்டை மாற்றி, தன் பெயரில் பதிந்து, படிப்பு முடிந்து போகும்போது அந்தப் பதிவை நீக்கிவிட்டுப் போக வேண்டும். அனுமதிக்கும் பல்கலைக்கழகம் அதற்கென்று ஒரு முறையான வாசலைத் திறந்து, தன்னிடம் சேரும் தடத்தைப் பூட்டி வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும், அடுத்து கடல் உணவைத் தேடப் போவது எந்த வளாகத்துப் பல்பு என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.