தலைப்பிலேயே பாதி ஆய்வு

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1931இல் ‘அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, ‘தி மேக்ஸிமம் மாஸ் ஆஃப் ஐடியல் ஒயிட் டுவார்ஃப்ஸ்’. இலட்சிய வெண்குறு விண்மீன்களின் உச்ச நிறை. ஆராய்ந்தது எதை? எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்களை. கணக்கிட்டது அவற்றின் நிறையை. ‘இலட்சிய’ என்றதால் இது தொலைநோக்கியில் பார்த்து எழுதியது அல்ல, கணித மாதிரி என்பது புரிந்துவிடுகிறது. ‘உச்ச’ என்ற சொல்லோ கண்டுபிடிப்பையே சொல்லிவிடுகிறது: இந்த விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு.

தலைப்பிலிருந்து செய்தி எடுக்கும் இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன். 1950களின் இறுதியில் ஆய்வுக் கட்டுரைகள் வந்து குவிந்தன. ஆட்களை வைத்துப் பொருளடைவு தயாரித்து மாளவில்லை. லூன் கண்ட வழி வியக்கத்தக்க அளவுக்கு எளிது. ‘தி’, ‘ஆஃப்’ போன்ற சொற்களை ஒதுக்கிவிடும்படி கணினிக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். மிஞ்சும் ஒவ்வொரு சொல்லும் ஒருமுறை பக்கத்தின் நடுவில் வந்து நிற்கும். தலைப்பின் மற்றச் சொற்கள் அதன் இருபுறமும் இருக்கும். நடுச்சொற்களை அகரவரிசைப்படுத்தினால் பொருளடைவு தயார். சந்திரசேகரின் தலைப்பு இதில் ஐந்து இடங்களில் வரும். ‘மாஸ்’ என்று தேடுபவருக்கும் கிடைக்கும், ‘டுவார்ஃப்ஸ்’ என்று தேடுபவருக்கும் கிடைக்கும். ‘குவிக்’ எனப்பட்ட இந்த முறையில்தான் அமெரிக்காவில் 1961இல் ‘கெமிக்கல் டைட்டில்ஸ்’ வெளிவரத் தொடங்கியது.

தலைப்பில் இல்லாத சொல்லை இந்த முறையால் எடுத்துத் தர முடியாது. சி.வி. ராமனுக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தபோது வைத்த தலைப்பு ‘எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன்’. புதுவகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு. இதில் ஒளியும் இல்லை, சிதறலும் இல்லை. ஒளிச்சிதறலைத் தேடிப் போகிறவர் கண்ணில் இது படவே படாது.

மருத்துவத்தில் விடுபடும் சொல் இதைவிடக் கவலை தருவது. எலிகளை வைத்து நடந்த அல்சைமர் ஆய்வுகளின் தலைப்புகளையும், அவை பற்றிய செய்திகளையும் 2021இல் ‘பிளாஸ் பயாலஜி’ இதழில் வந்த கட்டுரை ஒப்பிட்டது. ஆய்வின் தலைப்பில் எலி விடுபட்டால் செய்தித் தலைப்பிலும் அது விடுபடுவது அதிகம் என்று தெரிந்தது. படிக்கும் நோயாளியின் குடும்பம் மருந்தே வந்துவிட்டதாக நம்பிவிடக்கூடும்.

ஆகவே, புது மருந்து பற்றிய செய்தியைப் படித்தால் மூல ஆய்வின் தலைப்பைத் தேடிப் பாருங்கள். ‘மைஸ்’ என்றிருந்தால் எலி. ‘இன் விட்ரோ’ என்றால் ஆய்வகக் குழாயும் தட்டும். ‘ரேண்டமைஸ்டு’ என்றால் பெரும்பாலும் நோயாளிகளைக் குலுக்கல் போல் பிரித்துச் சோதித்தது. எதுவுமே இல்லையென்றால் ஆய்வுச் சுருக்கத்தையும் படித்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.