‘செம போட்டோ’ என்றால் போதுமா? இயற்கைப் படங்களுக்குக் கருத்து சொல்வது எப்படி?

ஏற்காட்டிலிருந்து நாகலூர் பக்கம் போகிறவர்கள், காலை மூட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களைப் படம் எடுக்காமல் திரும்புவது அபூர்வம். அடுத்த நிமிடம் படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். ‘செம’, ‘வேற லெவல்’, ரெண்டு இதயக்குறி. எடுத்தவருக்குச் சந்தோஷம்தான். ஆனால், அடுத்த முறையும் அவருடைய மூட்டம் அதே அழுக்குச் சாம்பல் நிறத்தில்தான் வரும். ஏன் என்று யாரும் சொல்லவில்லையே!

காரணம் எளியது. எதிரே இருப்பதைச் சராசரிச் சாம்பல் நிறமாகக் கருதியே கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. படம் முழுக்க வெள்ளை மூட்டம் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். ‘எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டிப் பாருங்க’ என்று ஒருவர் சொன்னால் போதும். பல செல்போன்களில் திரையைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினாலே சரியாகிவிடும்.

எதையும் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது: ‘இதுல எது பிடிச்சு எடுத்தீங்க?’ கிளியூர் அருவியின் வேகத்தைக் காட்ட நினைத்தவரிடம், ‘ஷட்டரைக் குறைச்சு தண்ணியைப் பட்டு மாதிரி ஆக்கியிருக்கலாம்’ என்பது யோசனை அல்ல, நம் ரசனையைத் திணிப்பது. உங்கள் கண் முதலில் எங்கே போனது என்று சொல்லுங்கள். அருவியை விட்டுவிட்டு ஓரத்தில் கிடக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் போனது என்றால், அதைத் தனியாக அழைத்துச் சொல்லலாம். குழுவில் பத்துப் பேர் முன்னால் வேண்டாம்.

தஞ்சாவூரில் பிறந்து பெங்களூருவில் வாழ்ந்த காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள், பல இளையவர்களுக்கு ஆசானாக இருந்தவர். அவருக்கும் ஓ.சி. எட்வர்ட்ஸ் என்றொரு ஆசான் இருந்தார். பொறுமையாகப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் கிடைப்பது அவ்வளவு பெரிய விஷயம்.

உயிரினங்களின் படம் என்றால், அழகைத் தாண்டியும் பார்க்க வேண்டியிருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2017-ல் பரிசு பெற்ற ஒரு எறும்புத்தின்னிப் படம், பாடம் செய்யப்பட்ட விலங்கைப் போல இருப்பதாகச் சிலர் தெரிவித்தனர். ஐந்து அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்து அதே முடிவுக்கு வந்தார்கள். எடுத்தவர் மறுத்தாலும், 2018 ஏப்ரலில் பரிசு பறிக்கப்பட்டது.

நம் ஊர்க் குழுக்களில் இதைவிடக் கவலைக்குரியவை கூட்டுப் படங்கள். குஞ்சுகள் பளிச்சென்று தெரிய, மறைத்திருந்த இலைகளை விலக்கியிருப்பார்கள். பிறகு காக்கைக்கும் அது பளிச்சென்று தெரியும். தாய்ப்பறவை கூட்டையே கைவிடக்கூடும். அந்தப் படத்துக்கு விழும் ஒவ்வொரு ‘சூப்பர்’ரும் அடுத்தவரையும் கிளையை வளைக்கச் சொல்கிறது. ‘எவ்வளவு தூரத்துல இருந்து எடுத்தீங்க? தாய் திரும்ப வந்துச்சா?’ என்று கேளுங்கள். இடத்தை மட்டும் கேட்காதீர்கள்.

சரி, அந்த நாகலூர் மூட்டப் படத்துக்கு என்ன எழுதலாம்? இப்படி ஒன்று: ‘அண்ணே, ரெண்டாவது மரத்துல ஏறுற மிளகுக்கொடி வரைக்கும் தெரியுது, அருமை. மூட்டம்தான் கொஞ்சம் சாம்பலா இருக்கு, வெளிச்சத்தைக் கூட்டி எடுத்துப் பாருங்க. வலது ஓரத்துல கரண்ட் கம்பி வருதே, ரெண்டு அடி தள்ளி நின்னா மறையுமா?’