நீதியின் ஒற்றைக் கொம்பு

கண்கள் கட்டப்பட்ட நிலையில் கையில் தராசு ஏந்தி நிற்கும் பெண்ணின் உருவத்தையே நீதியின் சின்னமாக நாம் அறிந்திருக்கின்றோம். சீன மரபில் அந்த இடத்தைப் பெற்றிருப்பது ஒற்றைக் கொம்புடைய ஒரு கற்பனை விலங்காகும். ஆட்டையோ எருதையோ ஒத்ததென வர்ணிக்கப்படும் இவ்விலங்கின் பெயர் ஸியேஜி. குற்றவாளி யார், நிரபராதி யார் எனப் பகுத்தறிவது அதன் பிறவிக் குணம் என முன்னோர் நம்பினர்.

தொன்மைக் கதைகளின்படி, ஷுன் என்ற பேரரசரின் காலத்தில் காவ் யாவ் என்பவர் நீதி நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்தார். வழக்கொன்றில் ஐயம் எழும்போது அவர் இவ்விலங்கை முன்னே கொண்டு வருவாராம். அது குற்றமிழைத்தவரை மட்டும் தனது கொம்பினால் முட்டுமாம்.

இந்நம்பிக்கை சீன எழுத்திலும் இடம்பிடித்தது. சட்டத்தைக் குறிக்கும் 'ஃபா' என்ற எழுத்தின் பழைய வடிவத்தில் நீர், இவ்விலங்கு, அகலுதல் ஆகிய மூன்றின் குறியீடுகள் இருந்தன. கி.பி. 100 ஆம் ஆண்டளவில் சூ ஷென் தொகுத்த அகராதி இதற்கு விளக்கம் தருகின்றது. நீரின் மட்டம் போன்று சட்டம் சமமானது. நேர்மையற்றவரை விலங்கு முட்டி அகற்றும் என்பதே அதன் பொருள். காலப்போக்கில் விலங்கின் குறியீடு நீக்கப்பட்டு எழுத்துச் சுருங்கியது.

ஹான் வம்ச ஆட்சியில் சட்ட அதிகாரிகள் இவ்விலங்கின் பெயரைக் கொண்ட தலையணியை அணிந்தனர். மிங், சிங் வம்ச ஆட்சிகளில் அதிகாரிகளின் தவறுகளைச் சுட்டிக்காட்டும் கண்காணிப்பு அதிகாரிகளின் அங்கிகளில் அதன் உருவம் பொறிக்கப்பட்டது. பீஜிங் அருகேயுள்ள மிங் அரசர்களின் கல்லறைகளுக்குச் செல்லும் பாதையிலும் அதன் கற்சிலைகளைக் காணலாம். கொரியாவில் இதனை 'ஹேதே' என்பர். சியோல் நகரம் 2008 இல் இதனைத் தனது சின்னமாக ஏற்றுக்கொண்டது.

எனினும், இக்கதையைச் சீனர் அனைவரும் கேள்வியின்றி ஏற்றுவிடவில்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிந்தனையாளர் வாங் சொங், இவ்விலங்கு யாரையும் முட்டும் இயல்பை மாத்திரமே கொண்டிருக்கலாம் என்றார். மக்கள் அஞ்சிக் குற்றம் செய்யாதிருக்கவும், தண்டனை பெற்றோர் முறையிடாதிருக்கவும் காவ் யாவ் அதற்குத் தெய்வீகம் கற்பித்திருக்கலாம் என்பது அவரது கருத்து. அவ்வாறாயின், முட்டப்பட்டவர் நிரபராதியாக இருந்தால் அவரது கதி என்ன? ஆதாரத்தின் இடத்தை நம்பிக்கை பிடித்துக்கொள்ளும்போது எழும் அச்சம் இதுவே.

மறுபுறம், சின்னத்தை அணிந்தவர்கள் அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. கண்காணிப்பு மன்றத்தின் உயர் அதிகாரியான யாங் லியான், அரசவையில் பெரும் செல்வாக்குடன் விளங்கிய வெய் ஜோங்சியான் மீது 1624 இல் 24 குற்றச்சாட்டுகளைப் பகிரங்கமாக முன்வைத்தார். அடுத்த ஆண்டே சிறையில் சித்திரவதைக்குள்ளாகி உயிரிழந்தார். 1627 இல் புதிய பேரரசர் அரியணை ஏறிய பின்னரே வெய் வீழ்ச்சியடைந்தார்.

அங்கியில் பொறித்த விலங்கு எவரையும் முட்டியதில்லை. குற்றத்தைச் சுட்டும் பணியை அதை அணிந்த மனிதரே செய்ய வேண்டியிருந்தது. சாட்சியங்களை நிதானமாக ஆராயும் அறிவும், வலியவர் தவறிழைக்கும்போது அஞ்சாது எடுத்துரைக்கும் துணிவும் ஒருங்கே அமையாத இடத்தில் நீதியின் சின்னம் வெறும் அலங்காரமாகவே எஞ்சும்.