வேலை செய்தது, விலை போகவில்லை

கோல்ஃப் நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம் என்று நம் சங்க அன்பர்களில் பலர் நினைக்கலாம். ஆனால் நாம் குடியிருக்கும் கொல்கத்தாவுக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. 1829-ல் தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் கிளப்புகளில் மிகப் பழமையானது. டாலிகஞ்ச் பக்கம் வசிக்கும் நம் குடும்பங்கள் அதன் மதிலோரமாகத்தான் தினமும் போய் வருகின்றன.

நான் பெரிய ஆட்டக்காரன் அல்ல. இரும்பு உருக்காலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். உலோகம் எங்கே பயன்பட்டாலும் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. அப்படித்தான் கோல்ஃப் மட்டைகளும் பந்துகளும் என் கவனத்துக்கு வந்தன. வெற்றி பெற்றவற்றைவிட, பெரிய விளம்பரத்தோடு வந்து விற்காமல் போன சரக்குகளின் கதை என்னை அதிகம் கவர்ந்தது. நம் பிள்ளைகளில் பலர் எஞ்சினீயர்கள், மீதிப் பேர் மேனேஜ்மென்ட் படிப்பவர்கள். இரு சாராருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

சில சரக்குகள் உண்மையிலேயே மட்டமானவை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காற்றடைத்த கோல்ஃப் பந்து ஒன்று வந்தது. நன்றாகத் துள்ளியது. ஆனால் வெயில் ஏறினால் உள்ளே காற்று விரிந்து வெடித்தது. அது ஏன் விற்கவில்லை என்று ஆராய வேண்டியதில்லை. சொன்ன வேலையைச் சரியாகச் செய்தும் ஏன் சில சரக்குகள் விலை போகவில்லை என்பதே சுவையான கேள்வி.

சதுர மட்டை

கோல்ஃபில் முதல் அடியை நீண்ட தூரம் அடிக்க உதவும் பெரிய தலை கொண்ட மட்டைக்கு டிரைவர் என்று பெயர். அதன் முகத்தின் நடுவில் பந்து பட்டால் நேரே போகும். ஓரத்தில் பட்டால் தலை திருகிக்கொள்ளும், பந்தும் பக்கவாட்டில் ஓடிவிடும். சாதாரண ஆட்டக்காரர்களுக்கு நடுவில் படுவது அபூர்வம்.

இதற்கு மருந்து எளிது. கயிற்றின் மேல் நடப்பவர் நீண்ட மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். எடை நடுவை விட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பொருள் எளிதில் சுழலாது. மட்டையின் தலையைச் சதுரமாக்கி, எடையைப் பின்பக்க மூலைகளுக்குத் தள்ளிவிட்டால் திருகல் குறையும். 2007-ல் காலவே, நைக்கி என்ற இரு பெரிய கம்பெனிகளும் சதுர டிரைவர்களைக் கொண்டுவந்தன. நைக்கியின் மட்டைக்கு சுமோ ஸ்கொயர்டு என்று பெயர். பின்னர் வந்த அதன் வகை ஒன்று, விதிகள் அனுமதித்த உச்ச அளவான 5900-ஐத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. கொரிய வீரர் கே. ஜே. சோய் அந்த ஆண்டு அதை வைத்தே அமெரிக்காவில் பெரிய போட்டிகளை வென்றார். ஆகவே மட்டையில் குறை சொல்ல முடியாது.

ஆனால் அடித்தபோது எழுந்த ஓசை! தகர டப்பாவைச் சுவரில் அறைந்த மாதிரி இருந்தது என்று ஆடியவர்கள் சொன்னார்கள். நாலு ஆட்டக்காரர்கள் தள்ளி நிற்பவரும் திரும்பிப் பார்க்கும் சத்தம். உருவமும் கண்ணுக்கு உவக்கவில்லை. போதாததற்கு, விற்பனைக்குப் போன மட்டைகளில் சில, பந்தை உந்தும் சக்தியில் விதியின் எல்லையைத் தாண்டிவிட்டதாகத் தெரிந்து, அவற்றை மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவிக்க நேர்ந்தது. சில ஆண்டுகளில் சதுர மட்டைகள் கடைகளிலிருந்து மறைந்தன. 2016-ல் நைக்கி மட்டை, பந்து, பை வியாபாரத்தையே விட்டுவிட்டு, காலணி, உடைகளோடு நின்றுகொண்டது. அதற்கு இந்த ஒரு மட்டை மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது.

சத்தமே இல்லாத மட்டை

இதற்கு நேர் எதிரான கதை ஐந்தாண்டுகள் முந்தியது. 2002 வாக்கில் காலவே கம்பெனி சி4 என்ற டிரைவரை விற்றது. அதன் தலை டைட்டானியத்தால் ஆனதல்ல, கார்பன் இழைக் கலவையால் ஆனது. உலோகத்தைவிட இது இலகு. ஆகவே மிச்சமாகும் எடையை வேண்டிய இடத்தில் வைக்கலாம். பொறியியல் கணக்கில் நல்ல யோசனை. ஆனால் அடித்தால் 'டொக்' என்று ஒரு மந்த ஒலி. டைட்டானியத்தின் கணீர் ஒலிக்குப் பழகிய காதுகளுக்கு, பந்தில் சரியாகப் படவே இல்லை என்று தோன்றியது. பந்து நன்றாகப் போயும் மனம் ஒப்பவில்லை.

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நமக்கு இது வியப்பல்ல. பானை வாங்கினாலும் சுண்டிப் பார்க்கிறோம். ஓசை உள்ளே இருக்கும் தரத்தைச் சொல்கிறது என்பது நம் நம்பிக்கை. கோல்ஃபில் பந்தும் மட்டையும் தொட்டிருப்பது வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே. கைக்குத் தெரியும் முன்பே பந்து போய்விடுகிறது. 'நன்றாகப் பட்டது' என்ற திருப்தியில் பெரும்பங்கு காது வழியாக வருவது. இன்று கம்பெனிகள் மட்டையின் ஓசையைத் தனியாக அளந்து திருத்துகின்றன. அதே கார்பனும் திரும்பி வந்துவிட்டது. 2022-ல் டெய்லர்மேட் கம்பெனி கார்பன் முகம் கொண்ட ஸ்டெல்த் டிரைவரை வெளியிட்டது. பொருள் பழையதுதான், இம்முறை காதையும் கவனித்தார்கள்.

தானே நேராகும் பந்து

1977-ல் அமெரிக்காவில் ஒரு பௌதிகப் பேராசிரியரும் ஒரு வேதியியலாளரும் போலாரா என்ற பந்தைக் கொண்டுவந்தார்கள். பந்தின் மேலுள்ள குழிகளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைக்காமல், நடுவில் ஒரு பட்டையில் ஆழமாகவும் இரு துருவங்களில் ஆழமின்றியும் வைத்தார்கள். விளைவு, பக்கவாட்டுச் சுழற்சி அடங்கி, கோணல் அடியும் ஓரளவு நேராகப் போயிற்று. அமெரிக்க கோல்ஃப் சங்கம் இதை ஏற்கவில்லை. பந்து எப்படி வைத்தாலும் ஒரே மாதிரி பறக்க வேண்டும் என்று 1981-ல் விதியே கொண்டுவந்தது. வழக்கு நடந்து 1985-ல் சமரசமானது. பந்துக்காரர்களுக்கு 13 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கிடைத்தது, பந்து சந்தையை விட்டுப் போனது. பல ஆண்டுகள் கழித்து அதே பெயரில் மறுபடி வந்து, விதியைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்காக விற்பனையானது. வாங்கியவர்கள் சிலரே.

2000-ல் காலவே வெளியிட்ட இ.ஆர்.சி. 2 டிரைவரின் கதையும் இதுவே. அதன் மெல்லிய முகத் தகடு ஸ்பிரிங் போல உள்வாங்கிப் பந்தை வெளியே தள்ளும். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அளவுக்கு இது மிஞ்சியது. ஆனால் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பின் விதியைப் பின்பற்றிய நாடுகளில் அப்போது தடையில்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் வாங்கினால் தவறென்ன என்றது கம்பெனி. ஆர்னால்டு பாமரும் அதையே சொன்னார். ரசிகர்கள் தெய்வமாகக் கொண்டாடிய அவருக்கே கடும் கண்டனம் வந்தது. அமெரிக்காவில் மட்டை எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

போட்டியில் ஆடாத, பரிசுக்கு ஆசைப்படாத ஆட்டக்காரர் இதை வாங்கியிருக்கலாமே? யாரும் பரிசோதிக்கப் போவதில்லை. வாங்கவில்லை. தப்பிப்போன பந்தைக் காலால் நகர்த்துகிறவர்கூட, 'விதிக்குப் புறம்பானது' என்று பெயரெடுத்த மட்டையை நண்பர்கள் எதிரில் பையிலிருந்து எடுக்கக் கூசுகிறார். அதனால் 250 கெஜம் அடித்தாலும், 'மட்டை அடித்தது' என்று சொல்வார்களே!

பாதி தூரம் போகும் பந்து

1980-களில் மாக்கிரெகர் கம்பெனி, பெருவீரர் ஜாக் நிக்லாஸின் யோசனைப்படி, வழக்கமான பந்தில் பாதி தூரமே போகும் இலகுவான பந்தைச் செய்தது. கேமன் தீவில் இடம் குறைவு. அங்கே அவர் அமைத்த சிறிய மைதானத்துக்காகவே இந்தப் பந்து. நிலமும் நீரும் நேரமும் மிச்சம். நம்மூர் நெருக்கடிக்குக்கூடப் பொருத்தமான யோசனைதான். ஆனால் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. தூரம் அடிப்பதில் உள்ள ஆனந்தத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோல்ஃப் கடைக்காரர்களின் வியாபாரம் இந்தப் பழமொழியின் மேல்தான் நடக்கிறது. கூடத்தை நேராக்கித் தருகிறோம் என்று ஆண்டுதோறும் புது மட்டை வருகிறது. ஆனால் 'கூடம் நேராக்கப்பட்டதால்தான் நீ ஆடுகிறாய்' என்று ஊருக்கே அறிவிக்கும் சரக்கை ஆட்டக்காரர் தொடமாட்டார். உதவி வேண்டும், அது வெளியே தெரியக் கூடாது. ஓசையும் உருவமும் விதியும் தன் ஆட்டத்தைத் தன்னுடையதாகவே காட்ட வேண்டும்.

புதிதாக ஏதாவது வடிவமைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், அது வேலை செய்கிறதா என்று சோதிப்பதோடு நிறுத்த வேண்டாம். அதைக் கையில் பிடித்து நாலு பேர் நடுவில் நிற்பவருக்கு எப்படியிருக்கும் என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஓய்வுக்குப் பிறகு கோல்ஃப் பழகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வரும் மகனோ மருமகனோ பாதி விலைக்குக் கிடைத்ததென்று விசித்திரமான மட்டை கொண்டுவந்தால் மறுக்க வேண்டாம். விதிக்கு உட்பட்டதா என்று மட்டும் விசாரித்துவிட்டு, பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு ஆடுங்கள். பந்து நேரே போகவும் கூடும்!