எக்ஸ்ரே டாக்டர் வேலை போச்சா, இல்லையா?

ஏ.ஐ. விஷயத்தில் ரெண்டு கோஷ்டி. 'சொர்க்கம் வருது, இனிமே எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடலாம்' என்று ஒன்று. 'மனுஷ ஜாதியே காலி' என்று இன்னொன்று. ஆபீஸ் கேன்டீனில் டீ ஆறுவதற்குள் ரெண்டுக்கும் ஆள் சேர்ந்துவிடும். மெஷின் எல்லாத்தையும் செய்துவிடும் என்பதில் மட்டும் ரெண்டு பேருக்கும் ஏக ஒற்றுமை. எந்த வேலையை, எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்... பதில் வராது!

ஒரே ஒரு வேலையை எடுத்துப் பார்ப்போம்.

2016-ல் ஜெஃப்ரி ஹின்டன் ஒரு போடு போட்டார். ஏ.ஐ. துறையின் பிதாமகர், 2024-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி தருவதை உடனே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்து வருஷத்தில், மிஞ்சிப்போனால் பத்து வருஷத்தில், மெஷின் அவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுமாம். அந்த ஐந்து வருஷம் எப்போதோ தாண்டியாச்சு. பிரிட்டனில் இன்னமும் ரேடியாலஜிஸ்ட் போதவில்லை என்றுதான் புலம்புகிறார்கள்.

'அப்ப எல்லாம் டுபாக்கூர்தானே சார்?' என்று துள்ளாதீர்கள். ஸ்வீடனில் சுமார் 80 ஆயிரம் பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. மார்பகப் புற்றுநோய்க்கான எக்ஸ்ரேயை அங்கே வழக்கமாக ரெண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். சோதனையில் பாதிப் பேருக்கு அதே முறை. மீதிப் பாதிக்கு, கம்ப்யூட்டர் முதலில் பார்த்து மார்க் போட்டது. ஆபத்து குறைவு என்றால் ஒரு டாக்டர், அதிகம் என்றால் ரெண்டு பேர். 2023-ல் வந்த முதல் கட்ட முடிவு: படம் பார்க்கும் வேலை 44 சதவிகிதம் குறைந்தது. பழைய முறையில் 203 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். புது முறையில் 244. வீணாகத் திரும்பக் கூப்பிட்டு வயிற்றில் புளியைக் கரைத்தது ரெண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

அடேங்கப்பாதான்! ஆனால் பேஷன்ட்டைத் திரும்பக் கூப்பிடலாமா என்று முடிவெடுத்தது டாக்டர். படம் பார்ப்பது அவர் வேலையில் ஒரு பங்குதான். பழைய ஸ்கேனோடு ஒப்பிடணும், ஊசி போட்டுச் சதை எடுக்கணும், சர்ஜனோடு மல்லுக்கட்டணும், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடணும். தப்பாகிப் போனால் கோர்ட்டுக்கு மெஷினா வரும்?

அந்த 44 சதவிகிதத்தை எனக்குள் இருக்கும் பி.காம்.காரன் விடமாட்டேன் என்கிறான். டாக்டருக்கே தட்டுப்பாடு உள்ள இடத்தில் மிச்சமாகும் நேரம் அடுத்த பேஷன்ட்டுக்குப் போகும். உங்கள் ஆபீஸில் அதே 44 மிச்சமானால் யார் கணக்கில் வரவு வைப்பார்கள்? சாஃப்ட்வேர் விற்க வந்தவரை விட்டுவிட்டு மானேஜரிடம் கேளுங்கள். இன்க்ரிமென்ட் மாசத்தில் மட்டும் வேண்டாம்.