தீபாவளி முடியட்டும் என்று தள்ளிவைக்காதீர்கள்

உடலும் ஊரும் – தொடர் 11

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஜொகூர் பாருவின் தாமான் பூங்காக்களில் ஆள் குறையத் தொடங்கும். மாலையில் நான்கைந்து பேராகச் சேர்ந்து நடக்கும் பெண்கள் முதலில் நின்றுவிடுவார்கள். முறுக்கு சுட வேண்டும், வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் பார்க்க வேண்டும், திரைச்சீலைகளைத் துவைத்துப் போட வேண்டும், ஜாலான் உங்கு புவான் பக்கம் போய்ப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். அடுத்து ஆண்கள். கையில் கூடுதல் காசு வேண்டுமே என்று ஓ.டி. கேட்டு வாங்குவார்கள்; ஞாயிற்றுக்கிழமைப் பூப்பந்து போய்விடும். "தீபாவளி முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் கேட்கும்.

இந்த வாரம் அந்தப் பேச்சைத்தான் எதிர்க்கப் போகிறேன். வருடத்தின் மற்ற நாட்களில் ஒரு வாரம் நடையை விட்டாலும் பெரிய நட்டமில்லை. இந்த மூன்று வாரத்தில் விடக் கூடாது. மனதின் மேலும் உடம்பின் மேலும் பாரம் ஏறுகிற காலம் இது. அதைக் குறைக்கக் காசு செலவில்லாமல் நம் கையில் இருக்கும் வழியையே முதலில் விட்டுவிடுகிறோம்.

ஜொகூர்க்காரர்களுக்கு அந்தப் பாரத்தில் ஒரு பங்கு சிங்கப்பூர் செல்லும் கடற்பாலத்தில் ஏறுகிறது. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்த ஒரு கிலோமீட்டர் சொச்சப் பாலத்தையும், 1998-இல் வந்த துவாஸ் இரண்டாம் இணைப்பையும் நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் கடக்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு மாசாயிலும் ஸ்கூடாயிலும் மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறவர்களில் நம்மவர்கள் ஏராளம். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. இரண்டு பக்கமும் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை. இப்படி நீண்ட விடுமுறை வந்தால், சிங்கப்பூரில் வேலை முடித்து வீட்டுக்கு வருகிறவர்களும், அங்கிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாமான் வாங்க வருகிறவர்களும் ஒரே நேரத்தில் பாலத்தில் ஏறுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை அந்த நெரிசலில் இரண்டு மூன்று மணி நேரம் புகைக்குள் நின்றுவிட்டு வீடு சேர்கிற மனிதரிடம் "பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கலையா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கேட்டவரும் காலை ஐந்து மணியிலிருந்து காலில் நிற்பவர்தான்.

பண்டிகைக் களைப்பு இரண்டு நாள் தூங்கினால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சுவீடனில் 1998 முதல் 2013 வரை மருத்துவமனைகளில் பதிவான 2,80,000-க்கும் மேற்பட்ட மாரடைப்புகளை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நாட்களைவிட 37 விழுக்காடு கூடியிருந்தது. அதிலும் இரவு பத்து மணி வாக்கில் உச்சம். குளிர்தான் காரணம் என்று சொல்லிவிடலாம் என்றால், அவர்களுடைய கோடைத் திருவிழாவிலும் 12 விழுக்காடு கூடியிருக்கிறது. 75 வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், ஏற்கெனவே இதய நோய் வந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். வீடு நிறைய உறவு, வயிறு நிறையச் சாப்பாடு, செலவுக் கவலை, குறைந்த தூக்கம், பழைய மனத்தாங்கல்கள் எல்லாம் ஒரே நாளில் கூடுவது நம் வீடுகளுக்கும் புதிதல்ல.

நாம் இதில் கூடுதல் கவனமாக இருக்கக் காரணம் உண்டு. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் இந்நாட்டின் வயதுவந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் பத்துக்கு மூவர் போதிய உடலசைவு இல்லாதவர்கள்.

கவலையும் அவசரமும் வரும்போது உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கின்றன. இதயத் துடிப்பு ஏறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்யும் ஏற்பாடு அது. ஆனால் பாலத்து நெரிசலில் யாரும் ஓடுவதில்லை. இறங்கிய சர்க்கரை செலவாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தோள்பட்டை இறுகியது இறுகியபடியே வீட்டுக்கு வருகிறது. கால் தசைகள் வேலை செய்யத் தொடங்கினால் அந்தக் கணக்கு விரைவில் தீரும். இயங்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேகூட ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத நீரிழிவுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள்.

இதைச் சொன்னதும் எழும் கேள்வி ஒன்று உண்டு. நியாயமான கேள்வி. "நாள் முழுக்க நின்னுக்கிட்டுதான் வேலை செய்றேன். இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" துவாஸில் கப்பல் பட்டறையில் இருப்பவரும் கேட்பார், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் அக்காவும் கேட்பார், நான்கு மணி நேரம் எண்ணெய்ச் சட்டி முன் நின்று அதிரசம் சுட்ட அம்மாவும் கேட்பார்.

பழைய ஆய்விலிருந்து தொடங்குகிறேன். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களைக் கவனித்து 1953-இல் எழுதினார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பேருந்து, ஒரே தெரு. ஆனாலும் நடத்துநர்களுக்கு வந்த மாரடைப்பு குறைவு. வந்தாலும் கடுமை குறைவு. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை உலகம் நம்பத் தொடங்கியது அங்கேதான்.

அப்படியானால் உழைப்பாளிகளுக்குக் கவலை இல்லையே என்று தோன்றும். 2021-இல் டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மானும் அவருடன் இருந்தவர்களும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ பத்தாண்டு தொடர்ந்து பார்த்து எழுதியது வேறு கதை சொல்கிறது. ஓய்வு நேரத்தில் நன்றாக உடம்பை அசைப்பவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைந்தன. வேலையில் கடுமையாக உழைப்பவர்களுக்கோ இரண்டும் கூடின. ஏன் என்பதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம் நம் பட்டறைகளுக்கும் சமையலறைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. எட்டு மணி, பத்து மணி நேரம் நின்றபடி, தூக்கியபடி, ரத்த அழுத்தம் சற்று உயர்ந்தபடியே இருக்கிறது. இடையில் ஆற நேரம் இல்லை. எப்போது நிறுத்துவது என்பதும் நம் கையில் இல்லை. அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்துவிட்டு நிறுத்தினால் இதயம் ஏறி இறங்கும், பிறகு முன்னைவிட அமைதியாகும். அடுப்படியில் ஏறியது இறங்குவதே இல்லை.

அதனால் அந்த அம்மாவிடம் "நீங்கள்தான் நன்றாக உழைக்கிறீர்களே" என்று சொல்வது பாராட்டாக இருக்கலாம், ஆறுதலாக இருக்காது. அவருக்குத் தேவை அந்தச் சட்டியை அரை மணி நேரம் வேறொருவர் பார்த்துக்கொள்வது. இதை நான் வீட்டு ஆண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அழுத்தமாகச் சொல்கிறேன். முறுக்கு திருப்பத் தெரியாவிட்டால் பாத்திரம் கழுவலாம், மாவு பிசையலாம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவைச் செருப்பு மாட்டி வெளியே அனுப்புங்கள். புடவையை விடப் பெரிய தீபாவளிப் பரிசு அது.

மனதுக்கு இது எந்த அளவு உதவும்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் 1999-இல் வெளியிட்ட ஆய்வு நினைவில் வைத்துக்கொள்ளத்தக்கது. 50 வயதைக் கடந்த, கடும் மனச்சோர்வு உள்ள 156 பேர். ஒரு பகுதியினருக்கு மாத்திரை, ஒரு பகுதியினருக்கு வாரம் மூன்று முறை உடற்பயிற்சி, இன்னொரு பகுதியினருக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று பிரிவிலும் முன்னேற்றம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. மாத்திரை வேகமாக வேலை செய்தது. பயிற்சி மெதுவாக வந்து சேர்ந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம். நோய் என்ற அளவுக்குப் போன சோர்வையே நடை அசைக்கிறது என்றால், பண்டிகைப் படபடப்புக்கு அது போதாதா என்பதற்காகச் சொல்கிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி கேட்கிறது. 2020-இல் அது செய்த ஒரு மாற்றம் நம் பக்கம் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லியிருந்தார்கள். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். பிளாட் வீட்டு மாடிப்படி சேரும். பசார் மாலாமுக்கு வண்டியை எடுக்காமல் நடந்து போனால் அதுவும் சேரும். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் இருந்தால் சரி.

நேரம் எப்போது என்பதுதான் ஜொகூரில் சிக்கல். அக்டோபரில் மாலை நான்கு மணிக்கு மேல் இடியோடு மழை. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடும். இடி இடிக்கும்போது திறந்தவெளியில் நடக்கவே வேண்டாம். காலை ஆறரை முதல் எட்டு வரை பெரும்பாலும் பாதுகாப்பு. இங்கே நமக்கு ஒரு புதிய வசதி இருக்கிறது. 2014 முதல் பத்தாண்டுக்கு மேல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவருக்கு சனி, ஞாயிறு. உள்ளூர்ப் பள்ளியில் பாடம் நடத்தும் மனைவிக்கு வெள்ளி, சனி. இருவரும் சேர்ந்திருக்க வாரத்தில் ஒரு நாள்தான். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து இங்கும் சனி, ஞாயிறாகிவிட்டது. சேர்ந்திருக்கக் கூடுதலாகக் கிடைத்த அந்த இரண்டாவது நாள் காலையைச் சந்தைக்கும் சாயக் கடைக்கும் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு ஹூத்தான் பண்டார் இருக்கிறது, டாங்கா பே கடலோரம் இருக்கிறது. குளுவாங்கில் 510 மீட்டர் உயர லம்பாக் மலை ஊரை ஒட்டியே நிற்கிறது. காலையில் அங்கே வயதானவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தாலே நமக்கும் கால் துறுதுறுக்கும். மழை விடாத நாளில் பேரங்காடிக்குள் கடைகள் திறக்கும் முன்போ பின்போ இரண்டு மாடி சுற்றி வரலாம். சிலம்பம் கற்கும் பிள்ளைகள் இருந்தால், அந்தக் காலடிகளை வாசலில் பதினைந்து நிமிடம் அவர்களோடு போட்டுப் பாருங்கள். மூச்சும் வாங்கும், சிரிப்பும் வரும்.

பாலத்தைக் கடப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வீட்டுக்கு வந்ததும் சோபாவில் விழாதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவைத்துவிட்டு, குளிப்பதற்கு முன், தாமானை ஒரு சுற்று நடந்துவிட்டு உள்ளே போங்கள். பத்து நிமிடம் போதும். பாலத்தில் ஏறிய சிடுசிடுப்பு பிள்ளைகள் மேல் இறங்காமல் இருக்க இது மிகவும் உதவும். அந்தச் சிடுசிடுப்பைப் போத்தலில் இறக்குகிற பழக்கம் நம்மிடையே எத்தனை தீபாவளிகளைக் கெடுத்திருக்கிறது என்பது எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். குடித்தால் தூக்கம் வருவதுபோல் இருக்கும். நடு இரவில் கலைந்துவிடும். நடந்தவருக்கு வருகிற தூக்கம் விடியும்வரை நிற்கும்.

தீபாவளி அன்று என்ன செய்வது? எண்ணெய்க் குளியல், கோயில், இட்லி, ஆட்டிறைச்சிக் குழம்பு, பிறகு வீடு வீடாகத் திறந்த இல்ல விருந்து. பலகாரத்தைத் தொடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2013-இல் பத்து முதியவர்களை வைத்துச் சிறிய ஆய்வொன்று செய்தார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தவர்களுக்கு, காலையில் 45 நிமிடம் நடந்த அளவுக்கே நாள் முழுதும் சர்க்கரை கட்டுப்பட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கு அந்தக் குட்டி நடை இன்னும் நன்றாகக் கைகொடுத்தது. ஆகவே அடுத்த தெருவில் இருக்கும் சித்தி வீட்டுக்கு வண்டி எடுக்க வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போங்கள், நடந்தே திரும்புங்கள். இரவு கம்பி மத்தாப்பு கொளுத்த வெளியே வரும்போது பெரியவர்களும் நாற்காலியை விட்டு எழுந்து தெருமுனை வரை போய்வரலாம்.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்க வேண்டாம். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, மூச்சுத் திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள். வாயுத் தொல்லை என்று ஓமம் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்து உயிரை விட்டவர்கள் உண்டு.

நடையால் ஆகாதவையும் இருக்கின்றன. தீபாவளிக்காக வட்டிக்கு வாங்கிய கடனை நடை அடைக்காது. வீட்டில் அடி வாங்குகிற பெண்ணுக்கு நடை தீர்வாகாது. தூக்கம் வாரக்கணக்கில் போய், எதிலும் பிடிப்பில்லாமல், உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வந்துவிட்டால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், அல்லது சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-ஐ அழையுங்கள். இந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள். யாருக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது.

தீபாவளியோடு இந்தக் காலம் முடிந்துவிடாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். டிசம்பரில் பள்ளி விடுமுறை. புதிய பள்ளித் தவணை 2026-இல் மீண்டும் ஜனவரிக்கே வந்துவிட்டதால் சீருடை, காலணி, புத்தகப் பை எல்லாம் ஆண்டிறுதிச் செலவில் சேரும். பிறகு பொங்கல். அடுத்துத் தைப்பூசம்; 2026-இல் அது பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வந்தது. காவடி எடுக்கவோ பால்குடம் தூக்கவோ நேர்ந்துகொண்டவர்கள் விரதத்தை மட்டும் எண்ணுகிறார்கள், கால்களை எண்ணுவதில்லை. ஆண்டு முழுதும் வண்டியில் உட்கார்ந்திருந்த கால்கள் தோளில் பாரத்தோடும் வெறும் வயிற்றோடும் தார்ச்சாலையில் வெறுங்காலாக நடக்கப் போகின்றன. இந்த வாரமே நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று தொடங்குங்கள். தீபாவளி வாரத்தில் அதைக் குறைக்காதீர்கள். நவம்பரில் அரை மணியாக்குங்கள். டிசம்பரில் வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் விரதம் தொடங்கும் முன் டாக்டரிடம் மாத்திரை நேரத்தைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)